கால் பொருந்திய சிப்

"ஹலோ... குவாங் அண்ணே, யன்லிங் பேசறேன்... ஆமா, ஷென்சென்ல இருந்துதான். அண்ணே, முதல்ல தயாரிப்பு லைனை நிறுத்துங்க... ஆமா ஆமா, இப்பவே. நிறுத்திட்டு வந்து பேசுங்க."

தொழிற்சாலையிலிருந்து குவாங் மாதிரிக்கு அனுப்பிய சர்க்யூட் பலகை யன்லிங்கின் மேசையில் கிடந்தது. பச்சைக்குழந்தையின் மூச்சு நின்றால் அலறவேண்டிய கருவி அது. சுற்றை வரைந்தவள் அவள்தான். மறுபடி மீட்டரை வைத்தாள். 4.4 வோல்ட் என்றே காட்டித் தொலைத்தது.

"நிறுத்தியாச்சா?... சரி. வோல்ட்டை இறக்குற சிப்பை மாத்தினீங்களா?... ம். பழசு கிடைக்கல... மார்க்கெட்ல கடைக்காரி 'கால் பொருந்தும்'னு சொன்னாளாக்கும். பொருந்துதுண்ணே, யாரு இல்லேன்னா? ஆறு காலும் கச்சிதமா உக்காந்திருக்கு. உள்ள இருக்கற புத்தி வேற... இல்லண்ணே, கேளுங்க. பழசு தன் அளவுபார்க்கிற கால்ல 0.6 வோல்ட் வந்ததும் போதும்னு நிறுத்தும். அந்தக் கணக்குக்குத்தான் நான் ரெசிஸ்டர் போட்டேன். இது 0.8 வர்ற வரைக்கும் ஏத்திக்கிட்டே போகும். 3.3 வரவேண்டிய இடத்துல 4.4 வருது... ஆமா, விளக்கு எரியும். முன்னைவிடப் பளிச்சுன்னு எரியும். அதைப் பார்த்துத்தானே பாஸ் போட்டீங்க?"

"...கருவி உடனே செத்திருந்தா நிம்மதி. சாகாது. கொஞ்ச நாள் ஒழுங்கா ஓடும். அப்புறம் உள்ளுக்குள்ள வெந்துபோய், மூச்சு இருக்கோ இல்லையோ, சும்மா இருந்துடும்."

கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று அவளுக்கு வருத்தமாகிவிட்டது.

"இருக்கீங்களா?... திட்டலண்ணே. கெடுவுக்குள்ள முடிக்கத்தானே செஞ்சீங்க... சரக்கு எதுவும் வெளிய போகலையே?... நல்லவேளை. ஒண்ணுகூட?... ஒண்ணா. யாருக்கு?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பேத்திக்கா... பொறந்து ஒரு மாசம் நிறைஞ்ச விருந்துக்கா..."

அந்த விருந்துக்கு அவளும் போயிருந்தாள். விருந்துக்கு வழக்கமான சிவப்புச் சாய முட்டையைத் தின்றுகொண்டே குழந்தையை மடியில் வைத்திருந்தாள்.

"அண்ணே, பாப்பா இப்ப எங்க?... மதியத் தூக்கமா. பக்கத்துல யாரு?... உங்க மக அடுத்த ரூம்லயா? ஏன்?... ஓ. கருவி வந்ததுலேருந்துதான் அவளுக்குத் தூக்கமே வருதாக்கும்..."

"அண்ணே, என்கிட்ட பேசிட்டு இருக்காதீங்க. மகளுக்குப் போன் போட்டு எழுப்புங்க. குழந்தையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க... கருவி கத்தலைங்கறதை நம்பாதீங்கண்ணே, கையால தொட்டு... ஹலோ? ஹலோ?"

அவர் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார்.