நடந்தே போகலாமாம்

கரடியனாற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இரண்டு பெண்கள். வாவிக்கரையில் எழும்பும் புதுக் குடியிருப்பின் விளம்பரப் பலகையை ஒருத்தி எட்டிப் பார்த்து வாசித்தாள்.

“வெறும் வளவாக் கிடந்த இடமாம். இனிக் கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, எல்லாத்துக்கும் நடந்தே போகலாமாம்.”

“நாங்க அங்க இரிக்கக்குள்ளயும் நடந்துதான் போனம்கா,” என்றாள் மற்றவள். “எங்கள அங்கயிருந்து எழுப்பிக் கரடியனாத்துக்கும் அங்கால விட்டாப் பொறகுதான் அது வெறும் வளவு.”

“உங்கட வளவும் அதுக்குள்ளயா?”

“ஓம். மகளுக்குச் சீதனமாக் குடுக்க வச்சிருந்த வளவு. அந்தா, கல்லுப் பதிச்ச நடைபாதை தெரியுதே, அதிலதான் நான் சோறாக்கின குசினி இருந்த.”

“மகள் இதக் கண்டவளா?”

“ஒவ்வொரு நாளும் காணுறாள். அந்த நடைபாதையக் கூட்டுற வேல அவளுக்குத்தான். விடிய எழும்பி ரெண்டு பஸ் மாறி வாறாள்.”