பிரைடி கெல்சோவிடம் இருந்த பாத்திரங்களும் அவள் குடியிருக்கும் இடமும் குறித்து

என் பெயர் அலிஸ்டர் ப்ரூட். வயது 53. காலஞ்சென்ற கென்னத் ப்ரூட்டின் மகன். மேற்கு விக்டோரியாவில் டூலிங்கா ஊருக்கு வெளியே, பழைய ஆலைச் சாலை 412-ஆம் எண் நிலத்தில் குடியிருந்து வருகிறேன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன். டூலிங்கா உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியராகவும் பிறகு துணைத் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றினேன். பள்ளிக் குழுத் தலைவியாக இருந்த திருமதி நோரீன் ஹாடோ என் பணியை நீட்டிக்க மறுத்ததால் வெளியேற நேர்ந்தது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று சார்ஜென்ட் டெரக் மோஸ் கூறினார். தேவை என்று நான் கூறியதால் பதிவு செய்யப்பட்டது. தற்போது ஆடு வளர்த்து வருகிறேன்.

என் நிலத்தில், வீட்டிலிருந்து ஒரு மேய்ச்சல் வெளி தள்ளி, ரோமம் கத்தரிக்க வருபவர்கள் முன்பு தங்கிய தகரக் கட்டடம் ஒன்று உள்ளது. சென்ற ஜூன் மாதம், குளிர்காலத்தில் உறைபனி விழுந்த ஒரு காலையில், அங்கே புகை வருவதைக் கண்டு போய்ப் பார்த்தேன். பிரைடி கெல்சோ என்ற பெண் ஒரு கையில் பூட்ஸுடன் வெளியே வந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவளுடைய தாய் வேறொருவருடன் குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டதும், அவர்கள் இருந்த வாடகை வீடு வேறு ஆட்களுக்கு விடப்பட்டதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தோழிகள் வீட்டுச் சோபாக்களில் மாறி மாறிப் படுத்து, அதற்குமேல் எங்கும் கேட்க முடியாமல் அங்கே வந்திருக்கிறாள்.

"நான் எதையும் உடைக்கல மிஸ்டர் ப்ரூட். கதவு தொறந்துதான் இருந்துச்சு" என்றாள்.

"கதவு கெடக்கட்டும். ரோட்டோரக் கேட்ட மூடினியா?"

"மூடிட்டேன்."

"இனிமேலும் மூடு. ஆடு ரோட்டுக்குப் போயிடும்."

எங்களுக்குள் வேறு பேச்சு எதுவும் நடக்கவில்லை. அதன் பிறகு அன்று மாலையே அந்தக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டேன். இது இரக்கத்தால் செய்ததல்ல. ஆள் இல்லாத கட்டடத்தில் எலி சேரும்.

அதன் பிறகு சில நாள் கழித்து, சாலையோரம் என் தபால் பெட்டியாக நிற்கும் பழைய பால் டிரம்மில் திருமதி ஹாடோ துணி சுற்றிய பீங்கான் பாத்திரம் ஒன்றை வைப்பதைக் கண்டேன். நாங்கள் இருவரும் பேசி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"நோரீன், இது தபால் பெட்டி. உன் சந்தைக் கேண்டீன் இல்ல" என்றேன்.

"உனக்குன்னு யாரு கொண்டாந்தா? உனக்குக் குடுத்தா உப்பு பத்தலன்னு மந்திரிக்கு எழுதிப் போடுவ."

"அந்தப் பொண்ணு இங்க இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?"

"கண்ணு சொல்லுச்சு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா அலிஸ்டர்?"

இல்லை என்றேன். மறுநாளே, ஓய்வு பெற்ற தானிய லாரி ஓட்டுநர் வால் ஜர்கன்ஸ் வந்து, உள்ளிருந்து பூட்டும் கனமான தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினார். அதன் திருகுகள் தேவைக்கு மேல் நீளமானவை. யாரை உத்தேசித்துப் பொருத்தப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது. ஆட்சேபிக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் டிரம்மில் பாத்திரங்கள் வந்துகொண்டே இருந்தன. திருமதி ஹாடோவின் பாத்திரம் மட்டுமல்ல. நீலம், பழுப்பு, கண்ணாடி, அலுமினியம் என்று பலவிதம். எங்கள் ஊரில் பொது விருந்துகளுக்குக் கொண்டு போகும் பாத்திரம் மாறிப் போகாமல் இருக்க, அடியில் ஒட்டுநாடா ஒட்டிக் குடும்பப் பெயரை எழுதி வைப்பார்கள். ஆகவே எது யாருடையது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வைத்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் மட்டுமே வைப்பதாக நினைத்தார்கள். என்னைக் காண நேர்ந்தவர்கள் எல்லோரும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்கள். பிரைடியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். கொடுப்பது வெளியே தெரிந்தால் வாங்குகிறவளுக்குத் தலைகுனிவு என்பது அவர்கள் எண்ணம். என்னிடம் ஊர் முழுவதும் இரகசியம் சொன்ன காலம் அது ஒன்றுதான்.

வால் ஜர்கன்ஸ் சனிக்கிழமைதோறும் அவளைத் தன் வண்டியில் ஏற்றி, ஊரில் உள்ள அறுவடை இயந்திரப் பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கே அவள் வேலை பழகினாள். பட்டறைக்காரர் அவளை நிரந்தர அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். வரும் திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும்.

சென்ற பிப்ரவரியில் வேலிக் கம்பி எடுக்க அந்தக் கட்டடத்துக்குப் போனபோது, பாத்திரங்கள் எல்லாம் கழுவித் துடைத்து, சுவரோரம் பலகையில் அடுக்கப்பட்டிருந்தன. திருப்பிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"காலியாவா?" என்றாள்.

"வேற எப்படி?"

"எங்கம்மா எனக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்தது ரெண்டே விஷயம். ஒண்ணு, வந்த பாத்திரத்த வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது."

"இன்னொண்ணு?"

"கார் பேட்டரி மாத்துறது."

கட்டடத்தின் பின்னால் என் தகப்பனார் நட்ட குயின்ஸ் மரம் ஒன்று நிற்கிறது. அதன் காயைப் பச்சையாகக் கடிக்க முடியாது. ஏப்ரலில் பழுத்த பின் சர்க்கரை போட்டு நெடுநேரம் காய்ச்சினால் சிவந்து ஜாம் ஆகும். பிரைடியிடம் இருந்தது ஒற்றை பர்னர் உள்ள சிறு கேஸ் அடுப்பு மட்டுமே. அதில் ஜாம்தான் காய்ச்ச முடியும். பழம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பறவை தின்பதை நீ தின்றால் எனக்கு நட்டமில்லை என்றேன். பாத்திரங்களில் ஜாம் நிரப்பித் திருப்பிக் கொடுக்க அவள் சர்க்கரைப் பைகளை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தாள். பாத்திரத்துக்குச் சொந்தக்காரர்களோ அதைக் கேட்டு வாங்குவது மரியாதையல்ல என்று கேட்காமலே இருந்தார்கள்.

அதன் பிறகு இந்த மார்ச் மாதம், சென்ற செவ்வாய்க்கிழமை, மெல்போர்னிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்துள்ள கான்ஸ்டபிள் நீல் ஹார்கோர்ட், பக்கத்து நிலத்தில் தண்ணீர்ப் பம்பு திருட்டுப் போனது பற்றி விசாரிக்க வந்திருக்கிறார். நான் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். அந்தக் கட்டடத்தில் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் கொண்ட பாத்திரங்கள் அடுக்கியிருப்பதைக் கண்டு, அவை பல வீடுகளில் திருடப்பட்டவை என்று அவர் கருதியிருக்கிறார். யார் கொடுத்தது என்று கேட்கும்போதெல்லாம், சொல்ல மாட்டேன் என்றே பிரைடி பதில் கூறியிருக்கிறாள். அவளையும் பாத்திரங்களையும் நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு பாத்திரமும் உடையவில்லை. கான்ஸ்டபிள் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார் என்பதையும் நியாயத்துக்காகக் கூறுகிறேன்.

சந்தையில் வால் ஜர்கன்ஸ் மூலம் விவரம் அறிந்தேன். அதன் பிறகு சந்தைக் கேண்டீனுக்குள் போனேன். அது திருமதி ஹாடோவும் மற்றப் பெண்களும் நடத்துவது. பணி போன நாள் முதல் நான் அங்கே ஒரு தேநீர்கூடக் குடித்ததில்லை. ஆட்டுக்காரர்கள் உட்பட முப்பது பேராவது இருந்தார்கள்.

நான், "போலீஸ் ஸ்டேஷன்ல கொஞ்சம் பாத்திரம் இருக்கு. கெல்சோ பொண்ணு திருடிட்டான்னு அவளப் பிடிச்சு வெச்சிருக்காங்க. யாரு குடுத்ததுன்னு அவ வாயே தொறக்கல. அடியில இருக்கிற பேர நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?" என்றேன்.

முதலில் வால் ஜர்கன்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

"மூடி இல்லாதது என்னோடது, வாத்தியாரே."

"நீயுமா வால்?" என்றார் திருமதி ஹாடோ. "நான் மட்டுந்தான்னு நெனச்சேனே."

அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். கைக்குட்டை எடுத்தவர்களும் இருந்தார்கள்.

"அதான் அந்தப் பொண்ணு என் ஸ்டூவப் பாதிதான் சாப்பிட்டேன்னு சொல்லுச்சு. என் சமையல் மேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றார் வால்.

"அது வர வேண்டிய சந்தேகந்தான்" என்றார் திருமதி ஹாடோ.

அதன் பிறகு கேண்டீனைப் பூட்டிவிட்டு எல்லோரும் நிலையத்துக்கு வந்து அவரவர் பாத்திரத்தை அடையாளம் காட்டினோம். யாரும் எடுத்துப் போகவில்லை. பிரைடி அனுமதிக்கவில்லை, இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன என்றாள். திருட்டு வழக்கு அன்றே கைவிடப்பட்டது. அன்று முதல் அவள் திருமதி ஹாடோவின் வீட்டில் தங்கியிருக்கிறாள்.

ஆனால் அத்துமீறிக் குடியிருந்ததாகக் கான்ஸ்டபிள் பதிந்த புகார் நிலுவையில் உள்ளது. பதிவில் அவளுக்கு "நிலையான இருப்பிடம் இல்லை" என்று எழுதப்பட்டுள்ளது. அது அப்படியே நின்றால் நாளைய விசாரணையில் அவளை நான்கு மணி நேரப் பயணத்தில் உள்ள நகர விடுதிக்கு அனுப்ப உத்தரவிடக்கூடும் என்றும், அப்படியானால் திங்கட்கிழமை வேலை போய்விடும் என்றும் சார்ஜென்ட் விளக்கினார். அவள் அங்கே இருக்க நான் அனுமதி கொடுத்தேனா என்று கேட்டார். கேட்டை மூடு என்று சொன்னேன் என்றேன். அது எப்படி அனுமதியாகும் என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

சார்ஜென்ட் அவரிடம், "இங்க ஒரு ஆளு உன்ன கேட்ட மூடிக்கச் சொன்னா, நீ தாராளமா வந்து போகலாம்னு அர்த்தம் தம்பி. வேண்டாதவன்கிட்ட யாரும் கேட்டப் பத்திப் பேச மாட்டாங்க. வெளிய போன்னு மட்டுந்தான் சொல்வாங்க" என்றார். இது சரியான விளக்கம். நான் அந்தப் பொருளில்தான் சொன்னேன்.

பிரைடியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் திருமதி ஹாடோ முன்வந்தார். எங்கே இருக்க விருப்பம் என்று சார்ஜென்ட் அவளையே கேட்டார்.

"மிஸ்டர் ப்ரூட் எடத்துலயே இருக்கேன். ஞாயித்துக்கிழமை மிஸஸ் ஹாடோ வீட்டுக்குப் போறேன். அவங்ககிட்டதான் வாஷிங் மெஷின் இருக்கு" என்றாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அவளுக்காக நீதிமன்றத்தில் பொறுப்பேற்க நானும் திருமதி ஹாடோவும் சம்மதிக்கிறோம். திருமதி ஹாடோவைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றம் எதுவும் இல்லை. ஒரே தாளில் கையெழுத்திட ஆட்சேபமும் இல்லை.

நேற்று வால் ஜர்கன்ஸும் கேண்டீன் பெண்களின் கணவர்கள் சிலரும் வந்து, அந்தக் கட்டடத்தில் விறகு அடுப்பு ஒன்றை வைத்து, புகைக்குழாய் இழுத்து, மின் இணைப்பும் கொடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ள மட்டும் கூப்பிட்டார்கள், பிடித்துக்கொண்டேன்.

ஆகவே பதிவில் பிரைடி கெல்சோவின் இருப்பிடம் பழைய ஆலைச் சாலை 412 என்று திருத்தி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். கான்ஸ்டபிள் தம் குறிப்பில் அதைக் கொட்டகை என்று எழுதியிருப்பதாக அறிகிறேன். வீடு என்று எழுத வேண்டும்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. யாருடைய தூண்டுதலும் இன்றி நான் கூறிய இவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்) அலிஸ்டர் ப்ரூட்

என் முன்னிலையில்: டெரக் மோஸ், சார்ஜென்ட், டூலிங்கா காவல் நிலையம். வியாழக்கிழமை, முற்பகல்.