மடித்தது செல்வநாயகி

எனக்கு உயரம் என்றால் ஆகாது, மேடம். ஜங்ஷனில் பிளாட்பாரம் மாறுகிற மேம்பாலத்தில்கூட கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன். விமானத்தில் கால் வைத்ததே இல்லை. அதனால் அந்த மனிதர் வானத்தில் இருந்தபோது நான் கீழே பேக்கிங் ஷெட்டில்தான் இருந்தேன் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டரிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது. மற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் செல்வநாயகி. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் ஃப்யூஸ் கட்டைக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். நல்லூர் போகிற வழியில், தரிசு நிலத்தில் ஆதிநாராயணன் சார் ஓடுதளம் போட்டு, பாராசூட்டில் குதிக்கிற விளையாட்டை ஆரம்பித்தார். ஊரில் அதைக் குதிக்கிற கிரவுண்டு என்பார்கள். கை சுத்தமான ஆள் வேண்டும் என்று தேடி என்னைக் கூப்பிட்டார்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். சான்றிதழோடு திரும்பி வந்தேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். குதிக்கிறவர் முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று மெயின். எல்லா நாளும் விரிவது அதுதான். இன்னொன்று ரிசர்வ். மெயின் சிக்கிக்கொண்டால் மட்டும் அது வெளியே வரும். மெயின் கெட்டால் முதலில் வலது பக்கத்துச் சிவப்புப் பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் இடது பக்கத்து வெள்ளிப் பிடியை இழுத்தால் ரிசர்வ் விரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை மாறக்கூடாது என்பார் வளவன் தம்பி. அவர்தான் எங்கள் தலைமைப் பயிற்சியாளர்.

மெயினை யார் வேண்டுமானாலும் மடிக்கலாம். கூட்டமான நாளில் நானும் மடிப்பேன். ரிசர்வை மட்டும் சான்றிதழ் உள்ளவர்தான் மடிக்க வேண்டும். எங்கள் கிரவுண்டில் அது நான் ஒருத்தி. ஒவ்வொரு மடிப்பையும் கையால் நீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பைக்குள் இறக்கி, கடைசியில் நூல் கட்டி ஈயத்தில் முத்திரை வைப்பேன். ஆறு மாதம் கழித்து யாரும் தொடாமல் அது அப்படியே திரும்பி வரும். முத்திரையை நானே உடைத்து, பிரித்து, காற்றாட விட்டு, மறுபடி மடிக்க வேண்டும். விதி அப்படி. யாரும் சாப்பிடாத விருந்தைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் சமைக்கிற மாதிரி இருக்கும்.

என் வூட்டுக்காரர் ராஜமாணிக்கம் ஒரு நாள் கேட்டார்.

"தொறக்காத துணிய எதுக்குடி திரும்பத் திரும்ப மடிக்கிற?"

அவர் ஆட்டோவில் ஸ்டெப்னி இருக்கிறது. அதை அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

முதலில் நடந்தது தற்செயல். அதில் என் கை இல்லை. சென்னையிலிருந்து வார விடுமுறைக்கு வரும் சண்முகப்ரியா என்ற பெண்ணுக்கு மெயின் சிக்கிக்கொண்டது. அவள் வரிசைப்படி செய்தாள். நான் மடித்த வெள்ளை ரிசர்வ் பூ மாதிரி விரிந்தது. ஷெட்டு வாசலில் நின்று பார்த்தேன். நான் செய்த பொருளை வானத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இறங்கியதும் அந்தப் பெண் துணியைச் சுருட்டிக்கூட எடுக்காமல் நேராக என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, ரிசர்வ் நீங்க மடிச்சதுதான?"

ஆமாம் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

ரிசர்வில் பிழைத்தவர், அதை மடித்தவருக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுப்பது உலகம் முழுக்க இந்த விளையாட்டில் உள்ள மரியாதையாம். வளவன் தம்பி சொன்னார். நான் குடிப்பதில்லை என்பதால் சண்முகப்ரியா பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே பழமலைநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போய், என் பெயர் ராசி நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்தாள். அதற்கு முன்னால் என் நட்சத்திரத்தைக் கேட்டவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும்தான். அதுவும் பொருந்தவில்லை என்று சொல்வதற்காக.

அதன் பிறகு பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லா மெயினும் ஒழுங்காக விரிந்தன. மனிதர்கள் இறங்கி, சிரித்து, செல்ஃபி எடுத்து, ஷெட்டைத் தாண்டி பிரியாணி சாப்பிடப் போனார்கள். நான் முத்திரையை உடைப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

ஆகவே உதவி செய்ய ஆரம்பித்தேன்.

எப்படி என்று கேட்டீர்கள். அதைச் சொல்லமாட்டேன், மேடம். இந்த வாக்குமூலம் கோர்ட்டுக்குப் போகும். யார் யாரோ படிப்பார்கள். பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. மெயின் சரியாக விரியாதபடி பார்த்துக்கொண்டேன் என்று மட்டும் போடுங்கள். பொறுப்பாகத்தான் செய்தேன். முதல் தடவை குதிக்கிறவர்களைத் தொடவே மாட்டேன். காற்று அதிகம் உள்ள நாளில் செய்ய மாட்டேன். காலையில் சாப்பிட்டீங்களா என்று கேட்டு, இல்லை என்றால் விட்டுவிடுவேன். வெறும் வயிற்றில் பயம் நல்லதில்லை. ஒவ்வொருவரும் பத்திரமாக இறங்கினார்கள். ஒவ்வொருவரும் ஷெட்டுக்கு வந்தார்கள். குக்கர், வெள்ளிக் குங்குமச்சிமிழ், பலாப்பழம் என்று வந்தது. புதுச்சேரிக்காரர் ஒருவர் பிறந்த குழந்தைக்கு என் பெயரை வைத்தார். இந்தக் காலத்தில் செல்வநாயகி என்று, பாவம்.

கிரவுண்டுக்கும் நல்லதுதான் நடந்தது. கூட்டம் குறையும் என்று ஆதிநாராயணன் சார் முதலில் பயந்தார். பிறகு பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய போர்டு வைத்தார். 'எங்களிடம் குதித்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.' கூட்டம் இரண்டு மடங்கானது. ரிசர்வில் இறங்கியவர்கள் 'மறுபிறவி' என்று வாட்ஸப் குரூப் தொடங்கி என்னை அட்மின் ஆக்கினார்கள். அந்தக் குரூப்பில் சேர முடியாதவர்களுக்கு ஏக்கம் வந்துவிட்டது. பிரவீன்குமார் என்று ஒரு தம்பி, மெயினிலேயே நல்லபடியாக இறங்கி இறங்கி முகம் வாடிப்போய் ஷெட்டுக்கு வந்தார்.

"எனக்கு மட்டும் இன்னும் ஆவலியேக்கா?"

"பொறுமையா இருங்க தம்பி. எல்லாத்துக்கும் வேள வரணும்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் செய்து கொடுத்தேன். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது கோகுலகிருஷ்ணன் சாருக்கு வருகிறேன். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். அங்கே நிலம் உண்டு. டவுனில் டைல்ஸ் கடை. நல்ல மனிதர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. வாரம் தவறாமல் குதிப்பார். நிதானமானவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

ரிசர்வில் இறங்கினார். ஷெட்டுக்கு வரவில்லை. அடுத்த வாரம் கல்யாண மண்டபம் பிடித்து நன்றி விருந்து வைத்தார். மைக் பிடித்துப் பேசினார். பைலட்டுக்கு நன்றி சொன்னார். வளவனுக்குச் சொன்னார். கொளஞ்சியப்பர் சாமிக்குச் சொன்னார். குதிக்கிற உடுப்பைத் தைத்த டெய்லருக்கு, காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாய்க்கு, அவர் இறங்கிய கொல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராஜாங்கத்துக்கு எல்லாம் சொன்னார். ராஜாங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த ஆள் இவரைப் பார்த்துப் பயந்து ஓடியவர். நான் முன்வரிசையில் சண்முகப்ரியா கொடுத்த பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். பேசி முடித்து இறங்கி வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சாப்ட்டீங்களாக்கா? கேசரி தீந்துடப்போவுது."

மறதியாக இருக்கும் என்று நினைத்தேன். இன்னொரு வாய்ப்பு கொடுப்பதுதான் நியாயம் என்று பட்டது. கொடுத்தேன். மறுபடி பத்திரமாக இறங்கினார். மறுபடி விருந்து. இந்தத் தடவை ஆடுகளுக்கும் மாலை போட்டார்.

அடுத்த நாள் நானே வாய்விட்டுக் கேட்டேன். எனக்கு அது பெரிய விஷயம், மேடம். நான் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை.

"ரிசர்வு நல்லா தொறந்துச்சுங்களா சார்?"

அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார். "அது தொறக்கத்தானக்கா செய்யும். அதுக்குத்தான அது இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. அலட்சியமாகவும் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது மாதிரி சொன்னார்.

அன்று மத்தியானம் வளவன் தம்பி ஷெட்டுக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. "எனக்குத் தூக்கமே வரலக்கா. இத்தன மெயினு ஏன் சிக்குதுன்னே புரியல. என்னைக்காவது ஒருத்தரு போய்ச் சேந்துட்டா, அவங்க வூட்ல போயி நான் என்ன சொல்வேன்? வர்ற வாரத்துலேர்ந்து அவங்கவங்க மெயின அவங்கவங்களே மடிக்கட்டும். நீங்க ரிசர்வு மட்டும் பாருங்க."

நல்ல யோசனை என்று சொன்னேன். உண்மையிலேயே நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு அந்த ஒரு வாரம்தான் இருந்தது.

நான் யோசித்ததைச் சொல்கிறேன். நீங்களும் நியாயமாக யோசித்துப் பாருங்கள். இருக்கிற வரை தெரியாத ஒரு பொருளை ஒருவருக்குக் காட்டுவதற்கு, அதை இல்லாமல் ஆக்குவதைத் தவிர வேறு வழி என்ன? பாடம் சொல்லிப் பார்த்தாயிற்று. இரண்டு முறை செய்முறையாகவும் காட்டியாயிற்று.

அவருடைய பையிலிருந்து ரிசர்வை எடுத்தேன். வூட்டிலிருந்து ஒரு போர்வை கொண்டுவந்தேன். நீலத்தில் மஞ்சள் பூப்போட்டது. துவைத்துக் காயவைத்த போர்வை. பழைய அழுக்குத் துணியை வைக்க மனம் வரவில்லை. எடை சரியாக இருக்கிறதா என்று நிறுத்துப் பார்த்தேன். விதிப்படி நீவி மடித்தேன். முத்திரை வைத்தேன். என் வாழ்நாளில் நான் மடித்ததிலேயே அழகான மடிப்பு அதுதான். மெயினுக்குச் செய்ய வேண்டியதையும் செய்தேன். கீழே இருக்கிறவர்கள் மேல் விழக்கூடாது என்பதற்காகக் காற்று இல்லாத காலையாகப் பார்த்தேன். விமானம் ஏறுமுன் வளவன் தம்பி வெளிச் சோதனை எல்லாம் செய்தார். முத்திரை இருந்தது. முத்திரைக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. என்னை நம்பினார்கள்.

குதித்தார். மெயின் முறுக்கிக்கொண்டு கிழிந்த வாழையிலை மாதிரி படபடத்தது. அவர் முதலில் சிவப்பை இழுத்திருக்க வேண்டும். ரிசர்வ் எப்படியும் விரியும் என்ற தைரியத்தில் சிவப்பை விட்டுவிட்டு நேராக வெள்ளியை இழுத்திருக்கிறார். போர்வை வெளியே வந்து பறந்து போனது. மெயின் கழலாமல் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டு கொஞ்சம் வேகத்தைக் குறைத்திருக்கிறது. நேராக வந்து, ஒரு செராமிக் யூனிட்டின் பின்புறம் தண்ணீர் விட்டு ஊறவைத்திருந்த களிமண் குழியில் இடுப்பு வரை இறங்கிவிட்டார்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். விதிப்படி செய்திருந்தால் அவர் இறந்திருப்பார். விதியை மீறியதால் பிழைத்திருக்கிறார். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இது மிகவும் தவறான முன்மாதிரி. இதை வளவன் தம்பியிடம் ஜீப்பில் போகும்போதே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. அழுதுகொண்டே வண்டி ஓட்டினார்.

நாங்கள் போனபோது யூனிட்டில் வேலை செய்கிற பெண்கள் அவரை மண்வெட்டியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு காலும் உடைந்திருந்தது. சூளைக்குப் போகக் காத்திருக்கிற பொம்மை மாதிரி உடம்பெல்லாம் களிமண். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அந்தப் பெண்களுக்கு நன்றி சொன்னார். ஆம்புலன்ஸ் டிரைவருக்குச் சொன்னார். களிமண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். நான் அவர் கண்ணுக்கு நேராகப் போய் நின்றேன்.

"அக்கா, நீங்களும் வந்துட்டீங்களா" என்றார். அவ்வளவுதான்.

போர்வை மின்கம்பத்தில் மாட்டியிருந்தது. வளவன் தம்பி அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"அக்கா, அது என்னது?"

"போர்வ."

"ரிசர்வு எங்க?"

"ஷெட்டுல இருக்குது தம்பி. பத்திரமா."

அவர் பின்னால் நகர்ந்து ஜீப்பைப் பிடித்துக்கொண்டார். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

ஆமாம். மெயின்களைக் கெடுத்தது நான். கோகுலகிருஷ்ணன் சாரின் ரிசர்வை எடுத்துவிட்டுப் போர்வை வைத்தது நான். அவர் இறந்துபோவார் என்று தெரிந்தேதான் வைத்தேன். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

நேற்று உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். போர்வை பறந்ததிலிருந்து களிமண் வரை, அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று ஆஸ்பத்திரியில் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். நீங்களும் மெனக்கெட்டுப் போய்க் கேட்டு வந்திருக்கிறீர்கள். கொல்லையில் மோட்டாரை நிறுத்தினோமா இல்லையா என்று யோசித்ததாகச் சொன்னாராம்.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு முக்கியமானதுதான் முதலில் மறந்துபோகும், மேடம். கொஞ்ச நாள் போகட்டும். ஞாபகம் வந்ததும் என் பெயரைத்தான் சொல்வார். அப்போது அவரை இங்கே அழைத்து வாருங்கள். பழம், புடவை எதுவும் வாங்கி வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நான் எதையும் எதிர்பார்த்துச் செய்கிறவள் இல்லை.