ஐந்து கட்டைப் பாட்டு

நவம்பர் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. விடியலில் பிடித்த தூறல் மாலைவரை விடவில்லை. ஜன்னல்களைச் சாத்தியும் முன்னறைப் பியானோவின் மூடியில் ஈரம் பூத்திருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் மேடையேறிய தங்கள் இசை நாடகத்தை, இம்முறை வேடமும் திரையுமின்றிக் கச்சேரியாக நடத்த, இசையமைப்பாளரும் அவர் மனைவியும் பாடகர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தனர்.

— நீதிபதிக்கு அந்தப் பல் டாக்டர். அதுல பேச்சே கிடையாது.

— ஐயோ, அவரா? அவர் பாடினா கேக்கறவங்க வாயைத் திறக்கவே பயப்படுவாங்க.

— நீதிபதிக்கு அதுதானே வேணும்?

— சரி, போடுங்க. ரொட்டிக்கடைக்காரி?

— மாடிவீட்டுப் பொண்ணு.

— அது மூக்கால பாடுமேங்க...

— ஜலதோஷம்னு பேரே வெச்சுட்டே, பாவம். இப்பல்லாம் நல்லாத்தான் பாடுது.

— அந்தப் பாட்டை நான் பாடினப்ப ஜனங்க எழுந்து நின்னாங்க, ஞாபகம் இருக்கா?

— கரண்ட் போச்சு. எழுந்து நின்னாங்க.

— போதுமே உங்க கிண்டல்.

— இன்னும் ஒரே ஆள்தான் பாக்கி. கடிகாரக்காரன். சபா செயலாளர் அஞ்சு மணிக்குப் போன் பண்ணுவார். பேர் சொல்லலேன்னா போஸ்டர் அச்சுக்குப் போகாது.

— அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

— காலியாவா போஸ்டர் அடிப்பாங்க? நம்ம கோபுரம் இருக்கான்ல, ஆறடி ஆளு...

— ஆள் உசந்தா குரல் உசந்துடுமா? கடைசிப் பாட்டு அஞ்சு கட்டை சுருதிங்க. கோபுரத்துக்கு மூணைத் தாண்டினா கழுத்து நரம்பு புடைச்சுக்கும்.

— அஞ்சு கட்டையில அதை யாராலயும் பாட முடியாதும்மா.

— பாட வேணாம். அதை நீங்க என் புள்ளை குரலுக்குன்னு போட்டீங்க.

— அவன் போய் மூணு வருஷம் ஆச்சு.

— போறப்ப என்ன சொன்னான்? உங்க முகத்துல முழிக்க மாட்டேன், நாடகம் மறுபடி நடந்தா மட்டும் வந்து பாடிட்டுப் போவேன்னான். சொன்னானா இல்லையா?

— சொன்னான்...

— அப்புறம் என்ன, கோபுரம் கொத்தளம்னுட்டு?

— ஏய், நான் சொல்றதைக் கொஞ்சம்...

— முதல்ல அந்தப் பாட்டை வாசிங்க. வாசிச்சுட்டுச் சொல்லுங்க, யாரைப் போடலாம்னு.

— இப்ப எதுக்கு?

— வாசிங்கன்னா.

— சரி, வாசிக்கறேன்... கேளு.

— நிறுத்துங்க.

— ஏன், நல்லாத்தானே...

— இது அஞ்சு கட்டை இல்ல.

— மழைல்ல? ஈரத்துக்குப் பியானோ எறங்கியிருக்கும்.

— எந்த மழைக்குங்க ரெண்டு கட்டை எறங்கும்? உங்க கை நேரா கீழேதான் போய் உக்காந்துது. தடுமாறவே இல்ல. பழகின கை. மாத்தி எழுதிட்டீங்க.

— ம்.

— எனக்குத் தெரியாம.

— நீ கடைக்குப் போற நேரமாப் பார்த்து...

— எப்பலேர்ந்து?

— செவ்வாய்க்கிழமைலேர்ந்து.

— பியானோ சரிபண்றவரைப் பார்க்கணும்னு குடைகூட எடுக்காம ஓடினீங்களே... அன்னிக்கா?

— அவரைப் பார்க்கப் போகலை. ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டிருந்தாங்க. யாரோடதுன்னு தெரியாம ஒரு பை கெடந்துதாம். உள்ள அவன் சுருதி பார்க்கற டியூனிங் ஃபோர்க்... அதுல நம்ம குழு பேரைப் பொறிச்சுக் குடுத்தேன்ல, அதை வெச்சுத் தேடியிருக்காங்க.

— பையை மட்டுமா காட்டினாங்க?

— பைதான் இருந்துது. ஆளை... மழைக்காலம் பிடிக்கறதுக்கு முந்தியே புதைச்சுட்டாங்களாம். காய்ச்சல்னு வந்து படுத்தவன், பேர் சொல்றதுக்குள்ள...

— போதுங்க.

— எந்த வாயால உன்கிட்ட சொல்வேன்? நீ தினம் அவனுக்கு இடம் போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கே. கோபுரம் பாடட்டும்னு உன் வாயாலயே வந்துட்டா, அப்புறம் மெல்ல சொல்லிக்கலாம்னு...

— போன் அடிக்குது.

— அடிக்கட்டும். நீ ஏதாவது பேசு. அழு. என்னைத் திட்டு.

— கோபுரம்னே சொல்லிடுங்க. மூணு கட்டையில நல்லாத்தான் பாடுவான்... அன்னிக்கு நீங்க படியிறங்கினதும் ஆஸ்பத்திரிலேர்ந்து மறுபடி கூப்பிட்டாங்க. அப்பா கிளம்பிட்டாரான்னாங்க. எதுக்குன்னேன். சொல்லிட்டாங்க. நீங்களா வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் அவன் வர்றவன்தானேன்னு சும்மா இருந்தேன். இப்ப சொல்லிட்டீங்க. மணியைப் பாருங்க... அஞ்சு அடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு, போனை எடுங்க.