அறுபத்து நான்கு வீட்டாரின் ஒரே முகவரி

தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மா அவர்களே, ஆறு மாடிகளிலிருந்தும் இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே! வணக்கம். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப்போகிறேன். இங்கே பேசப்படுவதை எல்லாம் அப்படியே சங்கப் பதிவேட்டிலும் எழுதிவைப்பேன்.

சென்ற வாரம் மாரடைப்பில் மறைந்தவர் என் அப்பா. இந்தக் கட்டடத்தின் லிப்ட் மெக்கானிக். உங்களுக்கோ அவர் 'ஒத்தச்சாவி'! அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார்? பதினோரு பாஸ்வேர்டுகளைத் தொப்பிக்குள் எழுதிவைத்து, அந்தத் தொப்பியைத் துவைக்கப் போட்ட நம் பஸ் டிரைவர் மாமாதான்!

மூன்றாம் மாடி நர்ஸ் அக்காவுக்கு நேர்ந்ததை மறக்க முடியுமா? எல்லா இணையதளங்களுக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு வழியாகவே அவர் போய்வந்தார். ஒருநாள் காலையில் காரணம் சொல்லாமல் அந்தக் கணக்கை முடக்கிவிட்டார்கள். டியூட்டி பட்டியல், தேர்வு விண்ணப்பம், குழந்தையின் தடுப்பூசி விவரம், எதையும் திறக்க முடியவில்லை. அழுதுகொண்டு வந்தவரிடம் அப்பா கிரீஸ் கையோடு கேட்டார்: "அடுத்தவன் வீட்டு வழியா உன் வீட்டுக்குப் போனா, அவன் கதவச் சாத்துற அன்னைக்கு நீ எங்கம்மா நிப்ப?"

அன்று தொடங்கியது வேலை! லிப்ட் மோட்டார் அறையின் அலமாரியில் ஒரு பழைய கணினி. நமக்கென்று ஓர் இணைய முகவரி. அதன் கீழ் வீட்டுக்கொரு பக்கம். இதை ஏற்கும் எந்தத் தளத்தில் நுழைந்தாலும் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். 'இவர் இவர்தான்' என்று நம் கணினியே சாட்சி சொல்லும். ஏற்க மறுத்த தளங்களுக்கு அப்பா எத்தனை கடிதம் எழுதினார்? நூற்று முப்பது! சரியென்று பதில் வந்தவை ஒன்பது. எங்கள் பள்ளியும் அக்காவின் மருத்துவமனையும் அந்த ஒன்பதில் அடக்கம்.

"நல்லத மட்டும் சொல்லிட்டு இறங்குடி" என்று அம்மா காலையில் சொன்னார். மன்னித்துவிடுங்கள், அம்மா. அவரவர் சாவி அவரவரிடம் என்று வாய் ஓயாமல் சொன்ன அப்பா, நமக்குச் சிரமம் வேண்டாமென்று அறுபத்து நான்கு வீட்டாரையும் தம் ஒருவர் பெயரில் பதிந்த முகவரிக்குள் வைத்துவிட்டார். அந்தப் பதிவைப் புதுப்பிக்கும் கணக்கையும் அதே முகவரியால்தான் திறக்க முடியும். அவருடைய ரகசியச் சொல்லோ யாருக்கும் தெரியாது; அம்மாவுக்கும் அப்பாவேதான் திறந்து கொடுப்பார். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தியதுபோல! இன்னும் பத்தொன்பது நாளில் பதிவு முடிகிறது. பிறகு அந்த முகவரியை யார் வாங்குகிறாரோ, அவர் நம் பெயரில் எங்கும் நுழையலாம்.

டிரைவர் மாமா எழுந்தார். "ஏம்மா, அப்ப எனக்குத் திரும்பவும் தொப்பிதானா?"

"வேண்டாம் மாமா! உங்க பேர்ல நீங்களே ஒரு முகவரி வாங்குங்க. பழைய சாவி வேலை செய்யும்போதே ஒவ்வொரு தளத்துக்குள்ளயும் போய்ப் புதுசைப் பதிஞ்சிடுங்க."

"பத்தொன்பது நாள்ல முடியுமா?"

"இன்னைக்கே ஆரம்பிச்சா முடியும்."

பயந்துபோய்ப் பெரிய நிறுவனத்தின் வாசலிலேயே மறுபடியும் நிற்போமா? மாட்டோம்! ஒருவர் சாவியை இன்னொருவர் சுமக்க விடுவோமா? என் அப்பாவைப் போல அன்பானவரே கேட்டாலும் விடமாட்டோம்! பதில் வராத நூற்று இருபத்தொரு கடிதங்களையும் நான் மறுபடி எழுதுவேன். இது என் உறுதி. நன்றி.

உரைக்குப் பின் நடந்தது: யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நர்ஸ் அக்கா மேடை மேசையில் தம் லேப்டாப்பைத் திறந்தார். வரிசை வாசல்வரை நீண்டது. முப்பத்தெட்டு வீட்டார் புது முகவரி வாங்கினார்கள். முப்பத்தொன்பதாவதாக அம்மா வந்து உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா அப்பா பக்கத்துலயேதானே இருந்தேன். என்ன பேரு போடுறதுன்னு தெரியலடி."

"உன் பேருதாம்மா."

அம்மா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். மண்டபத்தில் நமக்குத் தந்த நேரம் ஆறு மணியோடு முடிந்தது. விளக்குகள் அணைக்கப்பட்டன.