சாரல் வராத வீடு

வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடிவதில்லை. காலையில் சட்டை போடும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே நுழைக்க வேண்டியிருக்கிறது. இருபத்தாறு வருட ஏர்கோன் வேலை, ஏசி மாட்டுவதும் கழற்றுவதும். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் மரப்படிகள் ஏணி மாதிரி நிற்கும். வெளியே மாட்டுகிற பெட்டி முப்பது கிலோவுக்குக் குறையாது. அதைத் தோளில் வைத்து ஏறி ஏறி எலும்பு தேய்ந்துவிட்டது. இனிமேல் எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். தூக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

என் பெயர் தயாளன். வயது ஐம்பத்து நான்கு. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். அம்மா முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்து அடித்தார். மூக்குக்குக் கட்ட அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய துண்டு. நாற்பத்து மூன்று வயதில் இருமி இருமியே போய்விட்டார். அடுப்புப் புகைதான் காரணம் என்றார்கள். நாங்களும் சரி என்று தலையாட்டினோம்.

நகரத்துக்கு வந்து இந்தத் தொழில் படித்த பிறகுதான் காற்று என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று பிறகு யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

ஏர்கோன் வெளியிலிருந்து நல்ல காற்றைக் கொண்டுவருகிறது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது அறையில் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது, அவ்வளவுதான். மழை மாதங்களில் ஆட்கள் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திக்கொள்வார்கள். துணியை உள்ளேயே காயப்போடுவார்கள். ஈரம் சுவரில் ஏறும், கறுப்புப் பூஞ்சணம் வரும், வீட்டில் யாருக்காவது இருமல் நிற்காது. செப்டம்பர் வந்தால் என் வாடிக்கையாளர்களுக்கு நான் ஒரே பாடத்தைத்தான் சொல்வேன்: மழை விட்டதும் அரைமணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், சமைக்கும்போது புகை போக வழி விடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஐந்து கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. போன வருடம் ஐந்தும் ஒரே ஆளுக்குக் கைமாறின. இருபத்திரண்டு அறை ஹோட்டலாக மாற்றப்போகிறார்கள். நான்கு வீடுகள் காலி. நடு வீட்டில் மட்டும் நாகூர் மீரான் நானாவும் ஜன்னத் அக்காவும் இருந்தார்கள். நாற்பத்தோரு வருடமாக அதே வீடு. நானா ஒரு நாணய மாற்றுக் கடையில் கணக்கராக இருந்து ஓய்ந்தவர். அக்கா மசாலா வறுத்துப் பொடித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். இருக்க விரும்பும்வரை இருக்கலாம் என்று பழைய முதலாளி கையெழுத்துப் போட்டுத் தந்த கடிதம் அவர்களிடம் இருந்தது.

புது முதலாளியின் ஆள் ஹரீஷ். முப்பது வயது இருக்கும், மரியாதையாகப் பேசுவான். காலி வீட்டில் பழைய ஏர்கோன்களைக் கழற்ற என்னைக் கூப்பிட்டிருந்தான்.

"அண்ணே, கேஸ் போட்டா ரெண்டு வருஷம் இழுக்கும். அவங்களா போயிட்டா எல்லாருக்கும் நல்லது. நீங்க பழக்கமானவரு, பேசிப் பாருங்க லா."

"பேசினா போற ஆளுங்க இல்ல தம்பி."

"அப்ப வீடு பேசட்டும்," என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். "வீடு காலியானா இருபத்திரண்டு ரூம் ஏர்கோனும் உங்க கொந்தராக்தான். நீங்க தூக்க வேணாம், ஆள் வச்சுத் தூக்குங்க. நீங்க மண்டோர் மாதிரி நின்னு பாத்தா போதும்."

எப்படி என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் அவன்மேல் நான் எதையும் போடப்போவதில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என்னை யாரோ நின்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அது மட்டும் என் காதில் நின்றது.

இந்த வீடுகளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. அதனால் வீட்டின் நடுவில் கூரை போடாமல் ஒரு சின்ன முற்றம் விட்டிருப்பார்கள். ஏர்வெல் என்போம். வீடு மூச்சு விடுவது அது வழியாகத்தான். கதவுகளுக்கு மேலே பலகையில் பூவேலை செய்த துளைகள் இருக்கும். அடுப்படிச் சுவரில் செங்கல் எடுத்துவிட்ட ஒரு ஓட்டை இருக்கும். கட்டினவர்கள் முட்டாள்கள் இல்லை.

செப்டம்பரில் மழை பிடித்தது. நானாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது அக்காதான் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மனுசனுக்கு விடிய விடிய இழுப்பு. மழச் சாரல் ஏர்வெல் வழியா நேரா கட்டிலுக்கு வருது. அத மூட முடியுமா?"

நாற்காலியில் இருந்த நானா, "பாத்து மூடு பா, என்னையும் சேத்து மூடிடாதே," என்றார்.

"உங்க வாய மட்டும் மூடச் சொல்றேன்," என்றார் அக்கா.

மூவரும் சிரித்தோம். அவர்கள் கேட்டுத்தான் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் ஒரு முழம் இடைவெளி விட்டுச் சாய்வாக மூடினால் சாரலும் வராது, காற்றும் நிற்காது. அது எனக்குத் தெரியும். நான் இடைவெளி விடவில்லை. பிளாஸ்டிக் தகட்டை முற்றத்தின் முழு அளவுக்கு வெட்டி, நான்கு பக்கமும் சிலிகோன் வைத்து அடைத்தேன். வெளிச்சம் வந்தது, மழை வரவில்லை. அக்கா கண் கலங்கிவிட்டார். காசு வேண்டாம் என்றேன்.

அக்டோபரில் பக்கத்து வீட்டுச் சுவர்களை இடிக்கத் தொடங்கினார்கள். சிமெண்டுத் தூசி நானாவுக்கு ஆகாது அக்கா என்று இந்தமுறை நானே சொன்னேன். கதவுகளுக்கு மேலிருந்த துளைகளைப் பலகை வைத்து அடைத்தேன். அடுப்படி ஓட்டைக்கு சிமெண்டு பூசினேன். நானா வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தயாளன் கை பட்டா எறும்பு கூட உள்ள வராது," என்று மனைவியிடம் சொன்னார். அந்தச் சொல்லுக்கு நான் தகுதியானவன்தான். வேலை சுத்தமாக இருந்தது.

பிறகு வீடு புழுங்கியது. புழுங்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காக ஒரு ஏர்கோன் இலவசமாக மாட்டித் தந்தேன். காலி வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் கழற்றியது. அந்த அறையில் முன்பு இரண்டு தடவை வெள்ளம் ஏறியிருக்கிறது. பெட்டிக்குள் காற்றைத் தள்ளும் உருளை முழுக்கக் கறுப்பாக, கொழகொழவென்று இருந்தது. ஹரீஷ் அதைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தான். இருபத்தாறு வருடத்தில் நான் கழுவாமல் மாட்டிய ஒரே ஏர்கோன் அதுதான். வெளிமூடியை மட்டும் துடைத்து, உள்ளே கொஞ்சம் வாசனைத் தண்ணீர் தெளித்தேன். தண்ணீர்க் குழாயைச் சற்று மேடாக வைத்தேன், நீர் திரும்பிச் சுவருக்குள் இறங்கட்டும் என்று.

நானா அதற்கு நேர் கீழே படுத்துப் பார்த்தார். "கேமரன் மலையில இருக்கிற மாதிரி இருக்கு பா," என்றார்.

நான் நினைத்தது இவ்வளவுதான். சுவர் கறுக்கும், நாற்றம் வரும், இருமல் வரும், மகள் நூர்ஜான் பாயான் பாருவிலிருந்து வந்து இருவரையும் கூட்டிப் போய்விடுவாள். அங்கே மூன்று அறை, நல்ல ஜன்னல். உண்மையில் அவர்களுக்கு அதுதான் நல்லது என்றும் எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

சுவர் கறுத்தது. அக்கா காடி ஊற்றித் துடைப்பார், நான்கு நாளில் திரும்ப வரும். "இது என்ன வாட தம்பி?" என்று கேட்டார். பழைய வீடு, மழைக்காலம் என்றேன். நானா ஒரே மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனார். நூர்ஜான் அழுது பார்த்தாள். நான் உடன் இருந்தேன்.

"வாப்பா, என்கூட வந்துருங்க. இந்த வீட்டுல என்ன இருக்கு?"

"பள்ளிவாசல் அஞ்சு நிமிசத்துல இருக்கு. உன் வீட்டுல லிஃப்ட் வேல செஞ்ச நாள எண்ணிச் சொல்லு, வர்றேன்."

"தயாளன் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

நானும் சொன்னேன். மனதாரச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, "வீட்ட இவ்வளவு நல்லா ஆக்கிக் குடுத்துட்டு நீயே போகச் சொல்றியே," என்றார். அப்போதே ஏறி அந்தத் தகட்டில் ஒரு பக்கத்தை வெட்டியிருக்கலாம். ஒரு கத்தியும் பத்து நிமிடமும் போதும். அன்று ஹரீஷ் இருபத்திரண்டு அறைகளின் வரைபடத்தை என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தான். ஒவ்வொரு அறையிலும் பெட்டி எங்கே வரும் என்று நான் குறித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் இருபத்தேழு, வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்கு முன் நானா மௌத்தானார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று எழுதினார்கள். எழுபத்தாறு வயது, பழைய இழுப்பு, மழைக்காலம். யாரும் எதையும் கேட்கவில்லை. மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க என்னையும் விட்டார்கள். வலது தோள் முடியாததால் இடது தோளைக் கொடுத்தேன். அவர் கனமாக இல்லை. நான் தூக்கிய பெட்டிகளோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நாள் ஹரீஷ் போன் செய்து துக்கம் விசாரித்தான். "அப்ப அந்தம்மா மக வீட்டுக்குப் போயிடுவாங்கல்ல அண்ணே?" என்றான். அடுத்த வாரமே போய்விடுவார் என்றேன்.

இங்கேதான் தப்புச் செய்தேன். முப்பது வருடமாக இவர்கள் நடுவில் இருக்கிறேன். கல்யாணச் சாப்பாடு, கந்தூரிச் சாப்பாடு எல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். இத்தா என் நினைவுக்கு வரவில்லை. கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் அதே வீட்டில் இருக்க வேண்டும். அவசியம் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. முன்பாவது அக்கா காலையில் பாசாருக்குப் போவார், மசாலாப் பொட்டலங்களைக் கடை கடையாகக் கொடுத்துவிட்டு வருவார். நாளில் நான்கு மணி நேரம் வெளிக்காற்று. இப்போது அதுவும் இல்லை. நூர்ஜான் வேலை முடிந்து வந்து இரவு தங்கிவிட்டுக் காலையில் போகிறாள். பகல் முழுக்க அக்கா, மூடிய ஏர்வெல், அந்த ஏர்கோன், வறுக்கிற மிளகாய். பொட்டலங்களை நூர்ஜான் எடுத்துப் போகிறாள். வறுப்பதை நிறுத்தினால் அக்காவுக்கு வேறு வருமானம் இல்லை.

நான் வாரத்துக்கு இரண்டு முறை ரொட்டியும் முட்டையும் வாங்கிக் கொண்டுபோய் வாசலில் வைக்கிறேன். அக்கா திரைக்குப் பின்னால் நின்று பேசுவார். முகம் தெரியாது. இருமல் கேட்கும். டிசம்பரில் அது தொண்டையில் இருந்தது. ஜனவரியில் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. நானாவுக்கும் இதே வரிசையில்தான் வந்தது.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி அக்கா கேட்டார். "தம்பி, அடுப்படியில மூடினியே, அந்த ஓட்டைய மட்டும் தொறந்து குடேன். நெடி நெஞ்சுலயே நிக்குது."

"இத்தாவுல இருக்கீங்க அக்கா. ஆம்பள உள்ள வந்து வேல செஞ்சா நாலு பேரு பேசுவாங்க."

"நூர்ஜான் இருக்கிறப்ப வா. நான் மேல போய் இருந்துக்கிறேன்."

"சரி அக்கா. நாளைக்கு வரேன்."

இன்று பிப்ரவரி இருபது.

ஒளிக்க எதுவும் இல்லை. ஏர்வெல்லை அடைத்தது நான். துளைகளை அடைத்தது நான். அழுக்குப் பெட்டி என்று தெரிந்து அதை நானாவின் தலைக்கு மேல் மாட்டியதும் நான். அவர் செத்தது அதனால்தான். என் அம்மாவுக்கு நடந்ததை நான் சிறுவயதிலேயே பார்த்தவன். நெஞ்சில் என்ன இறங்கினால் ஆள் எத்தனை மாதம் தாங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். நான் மறுக்கப் போவதில்லை.

அக்காவின் இத்தா ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. அதுவரை அந்த வீட்டுக்குள் கால் வைப்பது முறையில்லை, அவர்கள் மார்க்கத்துக்கு நான் மரியாதை கொடுப்பவன். முடிந்த மறுநாளே உளியோடு போவேன். ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம், அரைமணி நேர வேலை. ஜன்னத் அக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடன் அது ஒன்றுதான்.