எடை சரியாகத்தான் இருந்தது

ஐயா, இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புள்ளியைக்கூட மறைக்காதவன் நான் ஒருவன்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஒரு செல்லைச் சோதித்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி. எங்கள் பேராசிரியர், கோட்டிலிருந்து விலகிய புள்ளியைப் பார்த்தால் "அது செத்த செல்லுப்பா" என்று அழித்துவிடுவார். அவருக்கு எமதர்மன் என்று பட்டம் வைத்ததே நான்தான்.

கூம்பு நத்தையின் நஞ்சில் ஒரு துண்டை நாங்கள் செயற்கையாகச் செய்கிறோம். உடம்பில் சோடியம் நுழையும் வாசல்கள் பல. வலி நரம்பின் வாசலை அது மூட வேண்டும். இதயத்தின் வாசலைத் தொடக்கூடாது. செய்த இழை தானே மடிந்து மூன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சில சமயம் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்டுவிடும். எடை மாறாது. குணம் மாறிவிடும்.

பக்கத்து மேசை அண்ணனுக்குப் பிறவியிலேயே அந்த வலி வாசல் சரியாக மூடாது. கால் எந்நேரமும் எரியும். மேசைக்கடியில் பனிக்கட்டி வாளி, அதற்குள் கால்.

"என்னண்ணே, மீன் ஏதும் சிக்குச்சா?"

"நீதான்டா சிக்க மாட்டேங்குற. மருந்த எப்பத்தான் தருவ?"

முதல் தடவை செய்த மருந்து இதய வாசலைத் தொடவில்லை, ஆனால் சோதனைகளிலேயே தீர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை செய்தேன். எடை சரி. ஒரே ஒரு செல்லில் சோதித்தேன். இதய வாசல் மூடிக்கொண்டது. அந்தப் பதிவை ஓரமாக வைத்தேன். மறைக்கவில்லை, ஓரமாக வைத்தேன். திரும்பச் செய்ய மாதக்கணக்காகும். அண்ணன் காலில் எரிச்சல் நின்றால் என் ஆய்வேடு முடிந்தது.

"டேய், இதயத்த ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"உங்களுக்கு அது இருந்தாத்தானே அண்ணே."

சிரித்துக்கொண்டே காலை நீட்டினார். ஊசி போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாளியிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றினார். "டேய், தரை வெறும் தரையா இருக்குடா" என்றார். அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுமுன், கால் எரிகிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். அதைக் குறித்துக்கொண்டுதான் போனை எடுத்தேன். வண்டி வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன், ஐயா. எல்லாம் சரி. அவர் இதயத்தைப் பற்றிக் கேட்ட இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். ஏதோ விளையாட்டுக்குக் கேட்டது, மற்றதோடு ஒட்டவில்லை.